படவில் பால் பொங்கிய அன்று

கண்டாத்துறையில் மூன்று வருஷமாக மழை இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு ஏற்றிப் போக வெட்டின கால்வாய் ஊருக்குப் பின்னால் காய்ந்து வெடித்து, ஆடு மேயவும் மிளகாய் உலர்த்தவும் ஜனங்கள் குறுக்கே இறங்கி பஸ்ஸுக்கு நடக்கவும் மட்டுமே ஆகிப்போயிருந்தது. அப்படி ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், நாற்பது வருஷமாக அந்தக் கால்வாய்க்குள் அசையாமல் கிடந்த பவுனம்மாவின் உப்புப் படவு தரையை விட்டு நாலு விரல்கடை எழும்பி நின்றது. கீழே தண்ணீர் இல்லை, முட்டுக்கட்டை இல்லை, மேலே கயிறு இல்லை. வெடித்த சேறும் அதன்மேல் படவின் நிழலும்தான் இருந்தன.

முதலில் கண்டுகொண்டவை கோழிகள். வெயில் ஏறுவதற்குள் அடியில் நுழைந்து மண்ணைக் கிளறிக் குளிக்க ஆரம்பித்தன. படவு வாரத்துக்கு இரண்டு விரல்கடை, மூன்று விரல்கடை என்று ஏறிக்கொண்டே வந்தது. சித்திரையில் கோழிக்கு நிழலாக இருந்தது வைகாசியில் ஆட்டுக்குட்டிக்கு நிழலாகி, ஆனியில் பெரிய ஆட்டுக்கு நிழலாகி, ஆடி பிறந்தபோது ஒரு கன்றுக்குட்டி அதன் அடியில் படுத்து அசைபோட்டது.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வரப்போகிறது என்றுதான் கேட்டார்கள். டீக்கடைக் கன்னியப்பன் போண்டா விலை எழுதும் கரும்பலகையில் ஒரு மூலையை ஒதுக்கி, காலையில் பால் வாங்கப் போகும்போது படவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்து வந்து, கணுக்கால் என்றும் கெண்டைக்கால் என்றும் முட்டிக்குக் கீழே என்றும் சாக்பீஸில் எழுதிவைத்தான். பேரூராட்சியிலிருந்து ஓர் ஆள் டேப்போடு வந்து அளந்து, கரண்டுக் கம்பத்தில் சிவப்புக் கோடு இழுத்து, யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று தெரியாமல் பவுனம்மாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார். செத்துப்போனவர்களின் படங்கள் சுவரில் ஒரு முழம் மேலே ஏறின. அரிசி டிரம்கள் பரணுக்குப் போயின. பெண் கொடுக்க வந்தவர்கள் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பதை விட்டுவிட்டு, வீட்டுக்கு மாடி உண்டா என்று கேட்டார்கள். மாடி வீட்டுக்காரர்களுக்குத் தெருவில் வணக்கம் கூடிப்போனது. ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்து, பேச்சுவாக்கில் மொட்டைமாடிக்கு ஏறி, எத்தனை பாய் விரிக்கலாம் என்று கண்ணால் அளந்துவிட்டு இறங்கினார்கள்.

"முட்டி வந்தா டீக்கடையை பெஞ்சு மேல போடுவேன். இடுப்பு வந்தா மாமியார் வீடு. அதுக்குத் தண்ணியே மேல்" என்றான் கன்னியப்பன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு எல்லோரும் ஒருமுறை குனிந்து தங்கள் முட்டியைப் பார்த்துக்கொண்டார்கள்.

அஞ்சலாட்சி மட்டும் சிரிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற நாளிலிருந்து அவள் படித்ததெல்லாம் என்ன நடந்துவிடுமோ என்கிற ஒரே பாடத்தைத்தான். பஸ் ஏறப் போனவள் பாதி வழியில் திரும்பி வந்து கேஸ் குமிழைத் தொட்டுப் பார்ப்பாள். பூட்டைப் பூட்டி இழுத்து, நாலு எட்டு நடந்து வந்து மறுபடி இழுப்பாள். "நம்ம வீட்டுப் பூட்டு தேஞ்சது திருடனால இல்ல, நீ இழுத்து இழுத்துத் தேஞ்சது" என்பார் அவள் புருஷன் தனகோட்டி. இத்தனை நாளும் அவள் பயம் தெருவுக்கு ஒரு வேடிக்கையாக இருந்தது. படவு எழும்பிய பிறகு ஊர் முழுக்க அந்தப் பயத்துக்குள் வந்து குடியேறிவிட்டது. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. தெருவில் தாழ்ந்த வீடு அவளுடையதுதான். ஓட்டு வீடு. மாடி கிடையாது. முன்னறை தனகோட்டியின் மாவு மில். பெல்ட் அறுந்து அடித்ததில் அவருடைய வலது முட்டி மடங்காது. பத்தடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்குவார்.

"கன்னியப்பன் எழுதியிருக்கான், முட்டியாம்" என்று அவள் சொன்னால், தனகோட்டி மோட்டாருக்கு அடியில் ஒரு செங்கல்லைச் சொருகுவார். அடுத்த மாதம் சொன்னால் இன்னொரு செங்கல்.

"தண்ணி வந்தா மோட்டார் நனையாது. வேற என்ன?"

"நாம நனைவோமேங்க."

"காய்ஞ்சுப்போம்" என்பார். "இருபத்தாறு வருஷமா அரைக்கிறேன். ஜனங்க டப்பாவை நம்பி வெச்சுட்டுப் போறாங்க. அதை விட்டுட்டு எங்க வரச் சொல்றே?"

எங்கே என்று அவள் ஆடி மாதத்தில் முடிவு செய்துவிட்டாள். தண்ணீர் எத்தனை உயரம் வந்தாலும் அதற்கு மேலே இருக்கப்போவது ஊரில் ஒன்றே ஒன்றுதான். அது கால்வாய்க்குள் காற்றில் நின்றுகொண்டிருந்தது.

பவுனம்மா படவிலேயே பிறந்தவள். அவள் அப்பன் மரக்காணத்திலிருந்து மெட்ராஸுக்கு உப்பும் சவுக்கு விறகும் ஏற்றிப்போன காலத்தில், நடுவழியில், எந்த ஊர் என்று சொல்லமுடியாத ஓரிடத்தில் பிறந்தாள். கால்வாய் வற்றின பிறகு ஐஸ் கம்பெனி ஷெட்டிலும் மகள்களின் வீட்டு மூலைகளிலும் படுத்து எழுந்து, இப்போது அறுபத்தைந்து வயதில் கூடையில் கருவாடு விற்றாள். அஞ்சலாட்சி போய் நின்றபோது கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே கேட்டாள்.

"நீ? படவுல? தொட்டித் தண்ணி தளும்பினாலே உனக்குத் தலை சுத்துமேடி."

"பழகிக்கிறேன்க்கா. அக்கா, அது எப்படி மிதக்குது, அடியில ஒண்ணுமே இல்லாம?"

"தண்ணி இல்லாம படவு மிதக்காது. தண்ணி இருக்கு. நமக்குத்தான் இன்னும் வந்து சேரல" என்றாள் பவுனம்மா, பஸ் தாமதமாக வருவதைப் பற்றிச் சொல்வதுபோல. பிறகு கூடையை இறக்கினாள். "காசு வேணாம். உன் வீட்டைக் கொடு."

"அது முழுகப்போற வீடாச்சே!"

"முழுகட்டும். எனக்குத் தண்ணி புதுசில்ல. கதவுதான் புதுசு. உள்ள போயி நானே தாப்பா போட்டுக்கிட்டுப் படுக்கணும்டி, ஒரு நாளாவது. நீங்க ரெண்டு பேரும் வீட்டை விட்டுக் கிளம்பற அன்னைக்குச் சாவி என் கையில வரணும். அவ்ளோதான்."

அஞ்சலாட்சி சரி என்றாள். புருஷனிடம் சொல்லவில்லை. சொல்லாத அந்த ஒன்றும் அவளுடைய கவலைகளின் வரிசையில் போய் நின்றுகொண்டது.

மறுநாளிலிருந்து அவள் படவில் குடியிருக்கப் பழகினாள். மில்லில் இருந்த முக்காலியைக் கொண்டுவந்து போட்டு ஏறினாள். இருபத்தெட்டு முழம் நீளம், நாலு முழம் அகலம். நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கத்துப் பலகையும் கிட்டத்தட்ட விரலில் பட்டன. பவுனம்மா கரையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி வேலை சொன்னாள். பலகை இடுக்குகளில் பஞ்சை முறுக்கித் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அதன்மேல் பூசச் சொன்னாள். பாத்திரத்தை அடுக்காதே, தொங்கவிடு என்றாள். முதல் நாளே அஞ்சலாட்சி அம்மிக்கல்லை இடது ஓரமாக வைத்தாள். படவு காற்றிலேயே ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் கத்திக்கொண்டு வலது ஓரத்துக்கு ஓடினாள். படவு வலது பக்கம் சாய்ந்தது.

"ஓடாதடி! நடுவுல நில்லு! இதுல உன்னையும் ஒரு சாமானா நெனச்சுக்கோ."

"அம்மியை என்னாக்கா பண்றது?"

"அம்மியை நடுவுல வை. கவலையைக் கரையில வை. ரெண்டுத்துக்கும் இடம் இல்ல."

பார்க்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனாலும் நாளாக நாளாக ஒன்று நடந்தது. பலகை ஓரங்களில் கொக்கி அடித்து, விளிம்பு வைத்த தட்டு போட்டு, உப்பு ஜாடியிலிருந்து தீப்பெட்டி வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் என்று ஆனபிறகு, அவள் நடுவில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் தெரிந்தது. அடுப்பு அணைந்திருப்பது தெரிந்தது. திரும்பிப் போய்ப் பார்ப்பதற்கு ஒரு பின்கட்டு இல்லை, இருட்டு அறை இல்லை, பின்வாசல் பூட்டு இல்லை. அன்றைக்கு மத்தியானம் அவள் தன்னை அறியாமல் தூங்கிப்போனாள். பதினைந்து வயதுக்குப் பிறகு பகலில் அவள் தூங்கினது அதுதான் முதல் தடவை. பலகையில் காது வைத்துப் படுத்திருந்த அந்தத் தூக்கத்தில், அடியில் தண்ணீர் வந்து தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. விழித்த பிறகும் கேட்டது. எட்டிப் பார்த்தாள். கீழே கன்றுக்குட்டி படுத்திருந்தது.

ஆவணி முடியப்போனது. படவு தொடை உயரத்தில் நின்றது. புரட்டாசியில் யாரும் குடிபுக மாட்டார்கள். ஐப்பசியில் மழைக்காலம் வந்துவிடும். அதற்குள் ஒரு நல்ல நாளில் முறையாகக் குடிபுகுந்துவிட்டால் புருஷனைக் கையைப் பிடித்தாவது அழைத்து வந்துவிடலாம் என்று நினைத்தாள். கண்டாத்துறையில் வாடகைக்கு வருகிறவன்கூட பால் காய்ச்சாமல் ஒரு ராத்திரி தங்கமாட்டான். காய்ச்சாமல் போன குடும்பங்களின் கதை அஞ்சலாட்சிக்கு ஒரு டஜன் தெரியும். ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்கு நாள் குறித்தாள். தெரு முழுக்கச் சொன்னாள். பவுனம்மாவுக்கும் சொல்லலாம் என்று போனாள். அவள் திண்டிவனம் சந்தைக்குக் கருவாட்டோடு முதல் நாளே போய்விட்டிருந்தாள்.

பவுனம்மா அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருந்தாள். இதை மட்டும் சொல்லவில்லை. படவில் பிறந்தவளுக்கு, படவில் ஏறுகிற ஒருத்தி பால் காய்ச்சுவாள் என்று எப்படித் தோன்றும்?

காலை ஆறு மணிக்கெல்லாம் ஜனங்கள் வந்துவிட்டார்கள். மஞ்சள், குங்குமம், தேங்காய் வைத்த தட்டுகள் வந்தன. மூன்று சுவர்க்கடிகாரங்கள் வந்தன, மாட்டச் சுவர் இல்லாத படவுக்கு. தனகோட்டி ஊன்றுகோலோடு கரைவரைக்கும் வந்து நின்றார். இறங்கவில்லை. அஞ்சலாட்சி படவின் பலகையில் கோலம் போட்டு, விளக்கேற்றி, களிமண் அடுப்பைக் கிழக்கே பார்த்து வைத்து, புதுச் சட்டியில் பால் ஊற்றினாள். சுள்ளி பிடித்துக்கொண்டது. பால் நுரை கட்டி, விளிம்பைத் தொட்டு, கிழக்குப் பக்கமாக வழிந்து, அடுப்பை நனைத்துப் பலகையில் ஓடியது. "பொங்கிடுச்சு, பொங்கிடுச்சு" என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

பால் பலகையில் ஓடின வழியெல்லாம் மரம் அதைக் குடித்தது. பிறகு படவு இறங்க ஆரம்பித்தது. அவசரம் இல்லாமல், கர்ப்பிணிப் பெண் ஒருத்தி கையை ஊன்றித் தரையில் உட்காருவதுபோல, ஆடாமல் சாயாமல் இறங்கிச் சேற்றில் உட்கார்ந்தது. முக்காலி ஒரு பக்கம் உருண்டு விழுந்தது. கைதட்டல் நின்றது.

"இறங்கிடுச்சு" என்றான் கன்னியப்பன். பிறகு கத்தினான். "தண்ணி போயிடுச்சுடா!"

அஞ்சலாட்சியை அவர்கள் தூக்காத குறைதான். யாரோ மாலையைப் போட்டார்கள். தண்ணீரைத் திருப்பி அனுப்பின மகராசி என்றார்கள். ஒருத்தி காலில் விழுந்தாள். வாழ்நாளெல்லாம் பயந்தாங்கொள்ளி என்று பெயர் எடுத்தவளுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கரையில் நின்ற புருஷனைப் பார்த்தாள். தனகோட்டி சிரித்துக்கொண்டிருந்தார். "பாத்தியா, செங்கல்லே போதும்னு சொன்னேன்ல" என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னார்.

மத்தியான பஸ்ஸில் இறங்கிய பவுனம்மா படவைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், பலகையில் காய்ந்திருந்த பால் தடத்தை விரலால் தொட்டு முகர்ந்தாள். கூடை கையிலிருந்து நழுவியது.

"என்னடி பண்ணி வெச்சே. படவுல பால் பொங்கக் கூடாதுடி. எங்கம்மா பாலைச் சுட வெக்கறப்போ பக்கத்துலயே உக்காந்து கிண்டிக்கிட்டே இருப்பா. பொங்கினா அது தன்னை வீடுன்னு நெனச்சுக்கும். வீடு எங்கயாவது மிதக்குமா?"

"அப்போ தண்ணி?"

"தண்ணி தண்ணி பாட்டுக்கு வருது."

புரட்டாசி முழுக்க ஊர் சந்தோஷமாக இருந்தது. அரிசி டிரம்கள் பரணிலிருந்து இறங்கின. படங்கள் பழைய ஆணிக்கே வந்தன. மாடி வீட்டுக்காரர்களைப் பார்த்துப் பங்காளிகள் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கன்னியப்பன் பலகையின் மூலையை அழித்துவிட்டு அங்கே மசால் வடை என்று எழுதினான். பரணில் கிடந்தது புழு வைப்பதற்குள் அரைத்துவிட வேண்டும் என்று எல்லோரும் அரிசியையும் கோதுமையையும் மிளகாயையும் டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து மில்லில் வைத்தார்கள். மூடியில் பெயர் எழுதின சீட்டோடு அவை சுவர் ஓரமாக வரிசை கட்டி, வாசலுக்கு வந்து, தெருவில் நின்றன. தனகோட்டி மோட்டாருக்கு அடியிலிருந்த செங்கற்களில் ஒன்றை உருவி வெளியே எறிந்தார்.

அஞ்சலாட்சி ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னாள். தண்ணீர் போகவில்லை, படவுக்குத்தான் மிதக்க மறந்துபோய்விட்டது, தப்பு என்னுடையது என்றாள். காபி கொடுத்து உட்காரவைத்துக் கேட்டார்கள். மகராசி சொல்கிறாளே என்று மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவரும் நம்பவில்லை.

"அக்கா, உனக்கு நிம்மதியா இருந்தாலே பிடிக்காதா?" என்றான் கன்னியப்பன்.

புருஷனிடம் கெஞ்சினாள். முந்திரி மேட்டுக்காவது போய்விடலாம், மேற்கே இரண்டு மைல்தானே என்றாள்.

"படவே உக்காந்துடுச்சு, உனக்கு மட்டும் ஏன் உக்கார மனசு இல்ல?" என்றார் தனகோட்டி. "அது எழும்பட்டும், அப்பச் சொல்லு. அப்ப வரேன்."

தினமும் மத்தியானம் அவள் படவுக்குப் போய்ப் பலகையில் காது வைத்துப் படுத்தாள். சத்தம் கேட்டது. முன்பு மெல்லத் தட்டின தண்ணீர் இப்போது கதவைத் தட்டுகிற மாதிரித் தட்டியது. எட்டிப் பார்த்தால் காய்ந்த சேறு.

புரட்டாசியின் கடைசி வாரத்தில் அவள் பவுனம்மாவிடம் போய், ஒரு வீட்டை மறுபடி படவாக ஆக்க முடியுமா என்று கேட்டாள்.

பவுனம்மா வெற்றிலைக் காம்பைக் கிள்ளினாள். "வீட்டுக்காரி வீட்டுல என்னென்ன செய்யவே மாட்டாளோ, அதையெல்லாம் செய்யணும். நீயேதான் செய்யணும். செஞ்சுட்டுத் திரும்பிப் பாக்காம இறங்கிடணும். அப்பறம் அதுல நீ குடியிருக்க முடியாது, அஞ்சல. அது உன்னை ஏத்தாது. நல்லா யோசி. இப்ப உனக்கு மாலை போடறாங்க."

அவள் யோசித்தாள். கொக்கிகளை யோசித்தாள், விளிம்பு வைத்த தட்டை யோசித்தாள், அந்த முதல் மத்தியானத் தூக்கத்தை யோசித்தாள். பிறகு, மடங்காத முட்டியோடு ஒரு மனுஷர் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதையும் தண்ணீர் அவர் இடுப்புவரைக்கும் மார்புவரைக்கும் ஏறுவதையும் யோசித்தாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை, தெருவில் கோலம் போடும் நேரத்தில், அவள் செருப்புக் காலோடு படவுக்குள் ஏறினாள். அப்படியே அடுப்புவரைக்கும் நடந்தாள். கோலத்தைச் செருப்பால் தேய்த்தாள். விளக்கை ஏற்றி, ஒரு நாளும் வாயால் ஊதாத விளக்கை வாயால் ஊதி அணைத்தாள். அரிசிப் பானையைக் கவிழ்த்தாள். தன் கையால் மண் குழைத்துப் பூசின அடுப்பை அம்மிக் குழவியால் அடித்து உடைத்தாள். கடைசியாக, எந்த வீட்டுக்காரியும் தன் வீட்டில் சொல்லாத வார்த்தையை, கதவில்லாத அந்த வாசலில் நின்று சொன்னாள். "போயிடறேன்" என்றாள். வரேன் என்று சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் இறங்கி, கால்வாய்க்குள் பத்து எட்டு வைத்தாள்.

பின்னால் மரம் முனகியது. அவளுக்கு முன்னால் கரையில் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்ற பெண்களின் முகங்கள், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெல்ல மெல்ல மேலே நிமிர்ந்தன. முதலில் நேராகப் பார்த்தவர்கள் தாடையை உயர்த்தினார்கள், பிறகு கழுத்தை அண்ணாந்தார்கள், பிறகு ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டார்கள். கிண்ணம் ஒன்று விழுந்து உடைந்தது. படவின் நிழல் அவள் தலைக்கு மேலே வந்து, தெருவைத் தாண்டி, மில்லின் ஓட்டுக்கூரை மேல் விழுந்தது. அது தொடையில் நிற்கவில்லை, இடுப்பில் நிற்கவில்லை. ஒரு மாதமாக உட்கார்ந்திருந்த நாட்களையெல்லாம் சேர்த்து, அதற்கு மேலும் ஏறி, கன்னியப்பனின் டீக்கடைக்கும் மேலே, மாடி வீட்டுக் கைப்பிடிச் சுவருக்கும் மேலே, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் உயரத்தில் போய் நின்றது.

முதலில் கத்தியவர்கள் மாடி வீட்டுக்காரர்கள்தான்.

"இவதான் கூப்பிட்டா! போன தண்ணியை இவதான் கூப்பிட்டா!"

மாலை போட்ட கைகளில் ஒன்று மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தது. அது அஞ்சலாட்சியின் தோளில் பட்டு உடைந்தது. அடுத்தது கல். நெற்றியில் பட்டது. அவள் ஓடவில்லை. ரத்தத்தை முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மில் வாசலையே பார்த்து நடந்தாள். ஜனங்கள் படவை இறக்க வேண்டும் என்றார்கள், மறுபடி பால் காய்ச்சு என்றார்கள், கொளுத்து என்றார்கள். ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்தில் அது நின்றது. ஒருவர்கூட மூட்டை கட்டப் போகவில்லை.

தனகோட்டி மில் வாசலில் ஊன்றுகோலைப் பிடித்தபடி நின்றார். அண்ணாந்து படவைப் பார்த்தார். குனிந்து மோட்டாரைப் பார்த்தார். அதற்கு அடியில் இரண்டு செங்கல் இருந்தது. மனைவியின் நெற்றியைப் பார்த்தார். உள்ளே போய், ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார். இருபத்தாறு வருஷத்தில் காலை நேரத்தில் அவர் கையால் அந்தச் சத்தம் நின்றதில்லை. கூச்சல் போட்டவர்களில் பாதிப் பேர் அதைக் கேட்டுத் திரும்பினார்கள்.

அவர் வாசலில் இருந்த முதல் டப்பாவைத் தூக்கினார். சீட்டைப் படித்தார். ஊன்றுகோலை ஒரு கையிலும் டப்பாவை ஒரு கையிலுமாக, காலை இழுத்து இழுத்து எதிர்வீட்டுக்குப் போய்க் கொடுத்தார்.

"அரைக்கலம்மா. மேட்டுல போயி அரைச்சுக்குங்க."

அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். தனகோட்டி மில்லிலிருந்து வருகிற டப்பா எப்போதும் சுடும். குளிர்காலத்தில் அதைக் கட்டிக்கொண்டு நடக்கப் பெண்களுக்குப் பிடிக்கும். இது குளிர்ந்திருந்தது. மூடியைத் திறந்தாள். கோதுமை கோதுமையாகவே இருந்தது. கரண்டு மூன்று நாள் போனபோதும், சொந்த அம்மா செத்த அன்றைக்கும்கூட, அந்த மனுஷர் ஒரு டப்பாவையும் அரைக்காமல் திருப்பிக் கொடுத்ததில்லை. அவள் மூடியை மூடினாள். உள்ளே போய் மாமியாரிடம், "புடவையை எடுங்க, கிளம்பணும்" என்றாள்.

அவர் இரண்டாவது டப்பாவைத் தூக்கினார். அஞ்சலாட்சி மூன்றாவதைத் தூக்கினாள். பத்தாவது டப்பாவுக்குள் தெருவில் கல் எறிந்தவர்களே வந்து தங்கள் டப்பாவைத் தாங்களே எடுத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். கன்னியப்பன் வந்து மிளகாய் டப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். "அக்கா, மாமியார் வீடு மேட்டுலதான் இருக்கு" என்றான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வெயில் உச்சிக்கு வரும்போது கண்டாத்துறை சைக்கிளிலும் டிராக்டரிலும் நடையாகவும் மேற்கே போய்க்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை.

கடைசி வீடு அவர்களுடையது. பவுனம்மா கூடையோடு வாசலில் காத்திருந்தாள். அஞ்சலாட்சி பூட்டைப் பூட்டப் போய், கையை இழுத்துக்கொண்டு, சாவியை அவளிடம் கொடுத்தாள்.

"என்ன இது?" என்றார் தனகோட்டி.

"அக்காவுக்குக் கொடுத்துட்டேங்க. படவுக்குப் பதிலா. ஆடியிலேயே பேசினது."

அவர் வீட்டைப் பார்த்தார். பவுனம்மாவைப் பார்த்தார். "ஓடு ரெண்டு எடத்துல ஒழுகும்" என்றார்.

"நீயும் வந்துடுக்கா" என்றாள் அஞ்சலாட்சி. "சாவி உன்கிட்டயே இருக்கட்டும். அப்பறமா வந்து திறந்துக்கலாம்."

"நீ போடி. எங்கப்பன் மூணு புயலைப் படவுல பாத்தவன்" என்று பவுனம்மா உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. திறக்கிற சத்தம் கேட்டது. மறுபடி விழுகிற சத்தம் கேட்டது. அவர்கள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் பால் பொங்கித் தீயில் விழுந்த வாசனை தெரு முழுக்க வந்துவிட்டது.

தனகோட்டி மனைவியின் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். பத்தடிக்கு ஒரு தரம் நின்றார். மற்றவர்களெல்லாம் முன்னே போய்விட்டிருந்தார்கள். முந்திரி மேடு தூரத்தில் செக்கச்செவேல் என்று தெரிந்தது. பின்னால், வெயில் காயும் வெறும் ஊரில், எங்கோ உயரத்தில், பலகையில் தண்ணீர் வந்து அறையும் சத்தம் கேட்டது. இப்போது அதைக் கேட்கக் காது வைத்துப் படுக்க வேண்டியிருக்கவில்லை.

அஞ்சலாட்சி திரும்பிப் பார்க்கக் கூடாது. வாழ்நாளில் நூறு தரம் பாதி வழியில் திரும்பினவள் கழுத்தை இறுக்கிக்கொண்டு நேராகவே நடந்தாள்.

"ஏங்க, நீங்க பாருங்க" என்றாள். "எவ்ளோ?"

தனகோட்டி நின்றார். திரும்பிப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். அவள் தோளில் இருந்த கை ஒருமுறை இறுகியது. பிறகு அவர், பத்தடிக்கு ஒரு தரம் நிற்கிற அந்த மனுஷர், மடங்காத காலை வீசி வீசிப் போட்டு, அவளையும் இழுத்துக்கொண்டு, நிற்காமல் நடக்க ஆரம்பித்தார்.